தாய்மொழி என்று ஒரு கட்டம்

எனக்கு ஹிந்தி தெரியாது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்ட கடைசி நாள், துபாயில் போய் இறங்கிய நாள். என்னை அழைத்துப்போக விமான நிலையத்துக்கு வந்திருந்த டிரைவர் கான் பாய் ஆறடி உயரப் பட்டாணியர். அவருக்குப் பஷ்டுவும் ஹிந்தியும் தெரியும். எனக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியும். ஜெபல் அலி வரை ஒரு மணி நேரம் இரண்டு பேரும் மணலைப் பார்த்துக்கொண்டே போனோம். நடுவில் ஒரு முறை அவர் வண்டியை ஓரம் கட்டி, பாயை விரித்துத் தொழுதுவிட்டு வந்து, எனக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். அதற்கு நன்றி சொல்லக்கூட என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

எழுபத்தேழாம் வருஷம் ஏப்ரல் மாதம் அது. ஜெபல் அலியில் கடற்கரையைத் தோண்டித் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டத் தோண்ட உப்புத்தண்ணீர் ஊறுமே, அதை இறைக்கிற பம்புகளில் சில எங்கள் கோயமுத்தூர்க் கம்பெனியில் செய்தவை. அவற்றைப் பூட்டி, ஓட்டிக் காட்டி, ஆள்களுக்குப் பழக்கிவிட்டு வா என்று என்னை ஒரு மாதத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

கேம்ப் என்பது பலகை அறைகளும் தகரக் கூரைகளும். பம்பு ஓட்டுகிற சேதுராமன் திருவாடானைப் பக்கம். இரண்டு வருஷமாக அங்கே இருக்கிறவன். முதல் நாளே எனக்குப் பாடம் ஆரம்பித்துவிட்டான்.

"சார், இங்க ஹிந்தி தெரியலன்னா பொழப்பு மாஃபி, ஓடாது. வண்டி ஏறுனாலும் பாய், மெஸ்ஸுக்குப் போனாலும் பாய். 'ஜல்தி', 'அச்சா', 'வாபஸ்', இந்த மூணு வார்த்தைய வச்சுக்கிட்டு நான் ஆறு மாசம் ஓட்டுனேன்."

"எனக்கு அது வேண்டாம், சேது."

"ஏன் சார்?"

அறுபத்தைந்தில் நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். ரயில்வே ஸ்டேஷனில் ஹிந்திப் பலகையில் தார் பூசி எட்டு நாள் ஜெயிலில் இருந்தவன். இதைச் சொன்னால் ஊரில் நாலு பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். சேதுராமன் கேட்டுவிட்டு, "அதுக்கு இப்ப என்ன சார் பண்றது, கான் பாய்க்குத் தமிழ் வராதே" என்றான்.

இரண்டாம் நாள் ஸ்டோருக்கு வாஷர் வாங்கப் போனேன். ஸ்டோர் கீப்பர் ஒரு வெள்ளைக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் வெந்த முகம், ஒரு கால் லேசாக இழுக்கும். பெயர் அந்தே. யுகோஸ்லாவியா என்றார், ஆங்கிலத்தில். என்னை "இன்ஜினியர்" என்றே கூப்பிட்டார். அவர்கள் ஊரில் மரியாதை அப்படித்தானாம், பேரைச் சொல்லாமல் படிப்பைச் சொல்லிக் கூப்பிடுவது. அப்போது கிரேன் ஃபோர்மன் மிலோஷ் உள்ளே வந்தார். அவரும் அதே நாடு. பீப்பாய் மாதிரி உடம்பு. அவர் அந்தேயை "ப்ரொஃபெசோர்" என்று கூப்பிட்டார். நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுக்கிற மனிதர் எப்படிப் ப்ரொஃபசர் ஆவார் என்று எனக்குப் புரியவில்லை. கேலி போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இரண்டு பேரும் தங்களுக்குள் படபடவென்று பேசிக்கொண்டார்கள். "இது என்ன பாஷை?" என்று கேட்டேன். நம் ஊரில் ரயிலில் பக்கத்து ஸீட்காரரைக் கேட்கிற முதல் கேள்வி அதுதானே. அந்தே இடது தோளுக்குப் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அங்கே இரும்புக் குழாய்தான் இருந்தது.

"நம்ம பாஷை" என்றார்.

"அதற்குப் பெயர்?"

"நம்ம பாஷைதான், இன்ஜினியர். நாங்கள் வெளியூரில் அப்படித்தான் சொல்வோம்."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. மொழியின் பெயரைக் கேட்டால் மூவாயிரம் வருஷக் கதையையும் சேர்த்துச் சொல்லுகிற ஊரிலிருந்து வந்தவன் நான்.

சாப்பாடு எனக்குப் பெரும்பாடு. நான் சைவம். மெஸ்ஸில் ஆட்டுக்கறி இல்லாத பாத்திரத்தைத் தேட வேண்டும். ரொட்டியும் மோரும் பருப்புமாக நாலு நாள் ஓட்டினேன். ஐந்தாம் நாள் அந்தே தன் அறைக்குக் கூப்பிட்டார். கீரையையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து, பூண்டைத் தட்டிப் போட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த ஆலிவ் எண்ணெயை மேலே ஊற்றினார். முதல் வாய் பச்சை எண்ணெய் குடித்த மாதிரி இருந்தது. மூன்றாவது வாயில் பிடித்துப்போயிற்று. பிறகு நீளக் கைப்பிடி போட்ட குட்டிப் பாத்திரத்தில் காப்பி காய்ச்சினார். பொடியை வடிகட்டாமல் அப்படியே ஊற்றுகிறார்கள். பால் கிடையாது. கோயமுத்தூர்க்காரனிடம் இதைக் காப்பி என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். ஆனால் அந்தக் காப்பியைக் குடிக்க அவர்கள் எடுத்துக்கொள்கிற நேரம் எனக்குப் பிடித்தது. ஒரு சின்னக் கோப்பைக்கு முக்கால் மணி நேரம். அவசரமாகக் குடித்துவிட்டு எழுந்தால் அது அவமரியாதையாம்.

சுவரில் ஒரு பெண்ணின் படம் இருந்தது. அந்தேயின் ஒரே மகள். செப்டம்பரில் கல்யாணம். மூன்று வருஷமாக அந்தே வீட்டுக்குப் போகவில்லை. பாஸ்போர்ட் ஜூலையோடு முடிகிறது. குவைத்தில் இருக்கிற அவர்கள் தூதரகத்தில் புதுப்பித்து வந்தால்தான் கல்யாணத்துக்குப் போக முடியும். துபாயின் தேய்ராக் கடைவீதியில் ஒரு ஸிந்திக் கடையில் வாங்கிவந்த வெள்ளை லேஸ் துணியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். அதைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு கையையும் துண்டில் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை லீவு. அந்தே தூண்டில் போடக் கடற்கரைக்குப் போனார். நானும் தொற்றிக்கொண்டேன். கண்ணுக்கெட்டியவரை ஆள் இல்லை. சும்மா இருக்க முடியாமல் என் தார் பூசிய கதையை ஆரம்பித்தேன். ஒரு மொழிக்காக நாங்கள் தெருவில் இறங்கினோம், அடி வாங்கினோம், உயிர் விட்டவர்களும் உண்டு என்றேன். அந்தே தூண்டிலை மறந்து கேட்டார்.

"பிறகு? உனக்கு வேலை கொடுத்தார்களா?"

"வேலையா? ஜெயிலுக்குப் போனவர்களில் சிலர் இரண்டே வருஷத்தில் மந்திரி ஆகிவிட்டார்கள்."

அந்தே சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். மணலைத் தவிர ஒன்றும் இல்லை.

"ஹர்வாட்ஸ்கி" என்றார். "என் பாஷைக்குப் பெயர் குரோவாசிய மொழி. கேட்டாயே."

அன்று மத்தியானம் வரை பேசினார். அவர் ஊர் ஒரு தீவு. கல்லும் ஆலிவும் திராட்சையும் கடலும். திராட்சைக் கொடியில் பூச்சி விழுந்த காலத்திலிருந்து ஆண்கள் கப்பலேறிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள், அமெரிக்காவுக்கு, ஆஸ்திரேலியாவுக்கு, இப்போது ஜெர்மனிக்கு. சேதுராமனின் ஊரும் அப்படித்தான். மழை பொய்த்தால் பர்மா, மலேயா, இப்போது துபாய்.

"என் தாத்தா பிறந்தது ஆஸ்திரியாவில். நான் பிறந்தது இத்தாலியில். என் மகள் பிறந்தது யுகோஸ்லாவியாவில்" என்றார். "மூன்று பேரும் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில்தான் பிறந்தோம். கொடிதான் மாறியது. இத்தாலிக்காரன் காலத்தில் பள்ளிக்கூடத்தில் எங்கள் பாஷை பேசினால் பிரம்படி. கோயிலில் மட்டும் பேசலாம். உலகம் முழுக்க லத்தீனில் பூசை நடந்த காலத்திலேயே எங்கள் கரையில் சில ஊர்களில் எங்கள் பழைய பாஷையில், எங்கள் பழைய எழுத்தில் பூசை நடந்தது, இன்ஜினியர்."

நம் கோயில்களில் இப்போதுதான் 'தமிழிலும் அர்ச்சனை செய்யப்படும்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள் என்றேன். அந்த 'உம்' எவ்வளவு பெரியது என்று அவருக்கு விளக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

அவர்கள் தங்கள் வட்டார வழக்குகளுக்குப் பெயர் வைத்திருக்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'என்ன' என்று கேட்கிற வார்த்தையை வைத்தே பெயர். தீவுக்காரர்கள் 'ச்சா' என்பார்கள், வடக்கே 'காய்' என்பார்கள், மற்ற இடங்களிலும் புத்தகத்திலும் 'ஷ்டோ'. நமக்கு அப்படி வைத்தால் மதராஸ்காரர்கள் 'இன்னா'க்காரர்கள் ஆவார்கள், திருநெல்வேலிக்காரர்கள் 'என்னல'க்காரர்கள். நானும் என் மனைவியும் 'என்னுங்'.

அவர் நிஜமாகவே ஆசிரியர். உயர்நிலைப் பள்ளி ஆசிரியரை அங்கே ப்ரொஃபசர் என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபத்தொன்றில் ஒரு கூட்டத்தில் பேசினாராம். அவர்கள் மொழிக்கு அரசாங்கத்தில் இரட்டைப் பெயர், குரோவாசியமும் செர்பியமும் சேர்த்து. எங்கள் பள்ளிக்கூடத்திலாவது எங்கள் பேரை மட்டும் எழுதலாமா என்று கேட்டாராம். கேட்டது அவ்வளவுதான். பதினோரு மாதம் ஜெயில். வேலை போயிற்று. எனக்கு எட்டு நாள் ஜெயிலுக்கு வெளியே மாலை காத்திருந்தது. இவருக்கு ஜெர்மனியில் செங்கல் சுமக்கிற வேலை, ஒரு முட்டி உடைந்தது, அதற்கப்புறம் இந்த மணல். அதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது வாரம் டைம்கீப்பருக்குக் காய்ச்சல். மலையாளி, நல்ல மனிதர். குவைத் தூதரகத்துக்கு யுகோஸ்லாவியாக்காரர்கள் ஒன்பது பேரின் பட்டியல் போகவேண்டும், அவசரம், டைப் அடிக்க ஆள் இல்லை என்று படுத்தபடியே புலம்பினார். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். எங்கள் ஊரில் பத்தாவது முடித்தவனை வீட்டில் சும்மா விடமாட்டார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று இன்ஸ்டிட்யூட்டில் தள்ளிவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் அந்த 'எதற்கும்' வந்தது ஜெபல் அலியில்தான்.

காகிதம் மூன்று, கார்பன் இரண்டு. பெயர், சொந்த ஊர், பாஸ்போர்ட் நம்பர் என்று மூன்று கட்டங்கள். டைம்கீப்பர் எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான். அடித்து முடித்துப் பார்த்தால் வலது பக்கம் நிறைய இடம் காலியாகக் கிடந்தது. பட்டியல் முடியாத மாதிரி எனக்கு ஒரு குறை. இந்தியாவில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததிலிருந்து நான் பூர்த்திசெய்த எந்தப் பாரத்திலும் தாய்மொழி என்ற கட்டம் இல்லாமல் இருந்ததில்லை. நான்காவதாக ஒரு கட்டம் போட்டேன். அந்தேயின் பெயருக்கு நேரே குரோவாசியம். மிலோஷுக்கு செர்பியம். மற்ற ஏழு பேரையும், அந்தே சொன்னதில் ஞாபகம் இருந்ததை வைத்து, அவரவர் ஊரைப் பார்த்து நானே பிரித்துவிட்டேன். அந்தேக்குச் செய்கிற பெரிய உபகாரமாகவே நினைத்தேன். இந்த மனிதருக்கு அவர் நாட்டில் யாரும் செய்யாததைக் கோயமுத்தூர்க்காரன் செய்தான் என்று இருக்கட்டும் என்று எனக்குள் ஒரு கர்வம். டைம்கீப்பர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு, உறையில் ஒட்டிக் கான் பாயிடம் கொடுத்தார். துபாய் ஆபீசில் கொடுத்தால் மாலை விமானத்தில் போய்விடும்.

மெஸ்ஸில் அந்தேயும் மிலோஷும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போய் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

அந்தே ரொட்டியைத் தட்டில் வைத்தார். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். மிலோஷ்தான் முதலில் எழுந்தார்.

"வண்டி எப்போது போனது?"

"அரை மணி இருக்கும்."

மூன்று பேரும் லேண்ட்ரோவரில் ஏறினோம். மிலோஷ் ஓட்டிக்கொண்டே எனக்குச் சொன்னார், கோபமில்லாமல், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

"அந்தத் தூதரகத்தில் இந்தப் பட்டியல்களைப் படிப்பதற்கென்றே ஒருவன் உட்கார்ந்திருப்பான். யாரும் கேட்காத கேள்விக்கு ஒருத்தன் இந்தப் பதிலை எழுதியிருக்கிறான் என்றால் அவன் யார் என்று ஊருக்கு எழுதிக் கேட்பான். ஊரில் பழைய ஃபைல் இருக்கிறது. பாஸ்போர்ட் மேஜை டிராயருக்குள் போய்விடும். கல்யாணம் செப்டம்பரில். புரிகிறதா?"

புரிந்தது. நல்லது செய்கிறேன் என்று ஒரு தகப்பனைக் கல்யாணப் பந்தலிலிருந்து இறக்கிவிடப் பார்த்திருக்கிறேன். மன்னியுங்கள் என்றேன். அந்தே ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "உன் தப்பு இல்லை, இன்ஜினியர். பயமில்லாத ஊரில் வளர்ந்தவன் நீ" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

பாதை வளைந்து போகும். மிலோஷ் உப்புத்தரையில் குறுக்கே விட்டார். மேலே காய்ந்த அப்பளம் மாதிரி இருக்கும், அடியில் சேறு. இருநூறு கஜம் போனதும் முன்சக்கரம் இரண்டும் உள்ளே போய்விட்டன. மிலோஷ் மண்வெட்டியை எடுத்தார். அப்போது தூரத்தில் கான் பாயின் வெள்ளைப் பிக்கப் ஓரம் கட்டி நிற்பது தெரிந்தது. மத்தியானத்து லுஹர் தொழுகை நேரம். முதல் நாள் என்னை வழியில் காக்கவைத்த அதே வழக்கம்.

அந்தேயின் முட்டி ஓடாது. மிலோஷின் உடம்பு ஓடாது. நான் ஓடினேன். ஏப்ரல் வெயில், காலை வைத்த இடமெல்லாம் பொதுபொதுவென்று உள்ளே போகிறது. போய்ச் சேர்ந்தபோது கான் பாய் பாயின் மேல் குனிந்திருந்தார். பிக்கப் ஜன்னல் திறந்திருந்தது, உறை ஸீட்டில் கிடந்தது. கை நீட்டினால் எடுத்துவிடலாம். தொழுகிற மனிதரின் முதுகுக்குப் பின்னால் திருட எனக்கு மனசு வரவில்லை. மூச்சிரைக்க நின்றேன். அவ்வளவு நீளமான தொழுகையை நான் பார்த்ததில்லை.

அவர் எழுந்து திரும்பினார். ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன், பயனில்லை. சேதுராமன் சொல்லிக்கொடுத்து நான் வேண்டாம் என்ற வார்த்தைகளையெல்லாம் பொறுக்கி எடுத்தேன்.

"பாய். காகஜ் வாபஸ். ஜல்தி. கலத். மை கலத்." காகிதம் திரும்ப வேண்டும், சீக்கிரம், தப்பு, என் தப்பு என்று சொன்னதாக நினைப்பு.

கான் பாய் உறையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "அமானத்" என்றார். நம்பி ஒப்படைத்த பொருள், தரமாட்டேன் என்கிறார். அது தெரிந்தது. தூரத்தில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்த இரண்டு உருவங்களைக் காட்டினேன். "உஸ்கா பேட்டி. ஷாதி" என்றேன், அவர் மகளுக்குக் கல்யாணம் என்று. ஷாதி என்ற வார்த்தை எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கை இரண்டையும் கூப்பினேன். பலகையில் தார் பூசிய கைகள் அவை.

கான் பாய் அந்த உருவங்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உறையை என்னிடம் தராமல் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, பிக்கப்பைத் திருப்பினார். போகிற வழியில் கயிறு கட்டி லேண்ட்ரோவரை வெளியே இழுத்தார். கேம்புக்கு வந்து, காய்ச்சலில் கிடந்த டைம்கீப்பரின் கையில்தான் உறையைக் கொடுத்தார். கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்தாயிற்று. அதற்கப்புறம் நாங்கள் என்ன செய்தாலும் அது அவர் கவலை இல்லை.

மூன்று கட்டங்களோடு புதுப் பட்டியல் அடித்தேன். அவசரத்தில் தப்படித்து இரண்டு காகிதம் வீணாயிற்று. கான் பாய் வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போனார். பழைய பட்டியலை மிலோஷ் காப்பி அடுப்பில் போட்டார். அப்போதுதான் எனக்குக் கார்பன் பிரதிகள் ஞாபகம் வந்தன. ஃபைலிலிருந்து இரண்டையும் உருவினேன். ஒன்று அடுப்புக்குப் போயிற்று. இன்னொன்றை அந்தே என் கையிலிருந்து வாங்கினார். நீல எழுத்து, மங்கல். தன் பெயரில் விரலை வைத்து, ஊர், நம்பர் என்று நகர்த்தி, கடைசிக் கட்டத்தில் நிறுத்தினார்.

"என் பெயருக்கு நேரே இதை யாரும் டைப் அடித்து நான் பார்த்ததில்லை" என்றார். "என் மேல் போட்ட வழக்கில்கூட இந்த வார்த்தை இல்லை. வேறு என்னென்னவோ எழுதியிருந்தார்கள்."

மிலோஷ் அடுப்பைக் கிளறிக்கொண்டே இருந்தார், எங்கள் பக்கம் திரும்பவில்லை. அந்தே காகிதத்தை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

"நீ வைத்துக்கொள். உன் ஊரில் இது வெறும் காகிதம்தானே."

நான் ஊர் திரும்பி ஏழு மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. கல் கோயில் வாசலில் வெள்ளை லேஸ் உடுத்திய பெண், பக்கத்தில் கால் இழுக்கிற அப்பா, புதுச் சட்டையில். பின்னால் ஆங்கிலத்தில் இரண்டு வரி. கீழே 'நம்ம பாஷை'யில் ஒரு வரி. அதைப் படித்துச் சொல்ல கோயமுத்தூரில் எனக்கு யாரும் கிடைக்கவில்லை. கார்பன் காகிதத்தோடு அதையும் பீரோவில் வைத்தேன்.

அடுத்த ஜூனில் பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். பாரத்தைப் பூர்த்திசெய்துகொண்டே வந்தேன். பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர். ஆறாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"ஏனுங்க, இதுக்குப் போயி யோசிக்கோணுமா?" என்றாள் என் மனைவி.

தமிழ் என்று எழுதினேன். எழுதிவிட்டு இடது தோளுக்குப் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். எங்களுக்கு அடுத்தபடியாகப் பாரம் வாங்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை.